பிறர் சொல்லும் வேலைக் கதைகளில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கணக்குப் பிரிவில் 9 ஆண்டு வேலை, வயது 33. டேட்டா அனலிஸ்ட் ஆகலாமா, பள்ளி ஆசிரியர் ஆகலாமா என்று யோசனை. வேலை மாறியவர்கள் தங்கள் பாதையை எழுதிவைத்திருக்கும் பதிவுகளை நாற்பதுக்கு மேல் படித்துவிட்டீர்கள். எல்லாமே உண்மையாகத் தெரிகிறது, ஆனால் ஒன்றோடொன்று முட்டுகிறது, யாரை நம்புவது என்கிறீர்கள். எந்த வேலை நல்லது என்று நீங்கள் கேட்கவில்லை. ஒருவர் தன் பிழைப்பைப் பற்றிச் சொல்வதிலிருந்து இன்னொருவர் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறீர்கள். தொழில் வழிகாட்டலில் இருப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. அதற்கென்று தேய்ந்து பழகிய சில முறைகள் உண்டு. அவற்றைச் சொல்கிறேன். ஊகமாக இருக்கும் இடங்களில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில், யாரும் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பத்து வருஷம் கழித்துத் தன் பாதையைச் சொல்பவருக்கு அது எங்கே போய் முடிந்தது என்று தெரியும். அன்றைக்கு மூன்று வாய்ப்புகளுக்கு நடுவே குழம்பி நின்றவர், இன்று சொல்லும்போது ஒரே வழிதான் இருந்ததைப் போலச் சொல்வார். மேனேஜரோடு ஒத்துப்போகவில்லை என்பதும், வீட்டுக்குப் பக்கத்தில் இடம் காலியானது என்பதும் கழன்றுபோய், “எனக்குச் சின்ன வயதிலிருந்தே எண்கள் மேல் ஈடுபாடு” என்பது மட்டும் மிஞ்சும். நினைவு வேலை செய்யும் விதமே இப்படித்தான். உளவியலாளர் டேனியல் கானெமன் 1990-களில் தன் கூட்டாளிகளோடு செய்த சோதனைகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: ஒரு அனுபவத்தைப் பின்னால் மதிப்பிடும்போது அதன் உச்சகட்டமும் கடைசிக் கட்டமும்தான் பெரும் எடை பெறுகின்றன, அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏறக்குறைய மறந்துபோகிறது. அவர் சோதித்தவை சில நிமிட வலி, குளிர்ந்த நீர் போன்றவை. பத்து வருஷ வேலைக்கு அது அப்படியே பொருந்துமா என்பது நிரூபணமான விஷயம் இல்லை. ஆனாலும் கசப்போடு வெளியேறியவர் முன்னால் இருந்த நல்ல ஐந்து வருஷத்தை இரண்டு வரியில் கடந்துபோவதை எந்தப் பதிவிலும் பார்க்கலாம். ஆகவே “ஏன் மாறினீர்கள்” என்ற கேள்விக்கு வரும் பதிலுக்குக் குறைந்த மதிப்பெண் போடுங்கள். “எப்போது, எப்படி, எவ்வளவு நாள்” என்பவற்றுக்கு வரும் பதில்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

அடுத்தது, எழுதாதவர்கள். டேட்டா படிப்பில் சேர்ந்து, நான்காம் மாதத்தில் விட்டுவிட்டுப் பழைய வேலைக்கே திரும்பியவர் அதைப் பற்றிப் பதிவு போடுவதில்லை. வேலை கிடைத்து, பரவாயில்லை என்ற அளவில் போய்க்கொண்டிருப்பவரும் போடுவதில்லை. எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை: மிக நன்றாக அமைந்தவர்கள், மிகவும் அடிபட்டவர்கள். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு, பதிவின் கடைசியில் பயிற்சி வகுப்புக்கான இணைப்பு கொடுப்பவர்கள். அவர்களைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். உங்கள் நாற்பது பதிவுகள் முட்டிக்கொள்வதற்கு முக்கியக் காரணம் நடுவில் இருப்பவர்கள் அதில் இல்லாததுதான். அவர்களைத் தேடிப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. தொழில்முறை சுயவிவரத் தளங்களில் அந்தப் பதவியின் பெயரைப் போட்டுத் தேடி, அதில் 6 முதல் 18 மாதம் மட்டும் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களைப் பொறுக்கி எடுங்கள். ஆசிரியர் பணி என்றால் பயிற்சி முடித்தும் பள்ளியில் சேராதவர்கள், இரண்டே கல்வியாண்டில் வெளியேறியவர்கள். இவர்களில் இரண்டு பேரிடம் பேசினால், வெற்றிக் கதை பத்தைப் படித்தும் கிடைக்காத செய்தி கிடைக்கும். எல்லாரும் தோற்றவர்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். பாதிப் பேர் அதைவிட நல்ல இடம் கிடைத்துப் போயிருக்கலாம்.

மூன்றாவது, நுழைந்த வருஷம். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை; என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது இதுதான். ஒருவர் எந்த ஆண்டு ஒரு துறைக்குள் காலெடுத்து வைத்தார் என்பது அவருடைய திறமை அளவுக்குப் பேசும். கனடாவின் பட்டதாரிகளைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வொன்றில், வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த ஆண்டில் படிப்பை முடித்தவர்கள் தொடக்கத்தில் சுமார் 9 விழுக்காடு குறைவாகச் சம்பாதித்தார்கள் என்றும், அந்த இடைவெளி அடைபடப் பத்தாண்டு வரை ஆனது என்றும் தெரியவந்தது. ஒரே படிப்பு, ஒரே தகுதி, வெளியே வந்த நேரம் மட்டும் வேறு. ஆட்களைத் தேடி அலைந்த காலத்தில் மூன்று மாத வகுப்பை முடித்துவிட்டு உள்ளே போனவர் “மூன்று மாதம் போதும்” என்கிறார். அதே வகுப்பை ஆள் குறைப்புக் காலத்தில் முடித்தவர் “எல்லாம் ஏமாற்று வேலை” என்கிறார். இருவரும் தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். எனவே ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் நுழைந்த ஆண்டைக் குறியுங்கள். ஐந்து ஆண்டுக்கு முந்தையதென்றால், உள்ளே எப்படி நுழைந்தார் என்ற பகுதியை அடித்துவிட்டு, உள்ளே வேலை எப்படி இருக்கிறது என்ற பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவைப் பற்றி அறிய, இன்றைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர் ஒருவரிடமோ கடந்த ஓராண்டுக்குள் சேர்ந்தவர் ஒருவரிடமோதான் கேட்க வேண்டும்.

நான்காவது, கதையில் வராத முட்டுக்கொடுப்புகள். இதைக் கண்டுபிடிக்க ஒரு படம் வரையும் முறை உண்டு. தாளைக் குறுக்காக வைத்து நடுவே ஒரு கோடு போடுங்கள். கோட்டின் மேல் ஆண்டுவாரியாக வேலைகள்: பதவி, எத்தனை மாதம், முழு நேரமா பகுதி நேரமா, வேலையில்லாத இடைவெளிகள். கோட்டுக்குக் கீழே அதே ஆண்டுகளுக்கு வேறு நான்கு விவரம்: வீட்டுச் செலவு எந்தப் பணத்தில் நடந்தது, வாடகையோ கடன் தவணையோ இருந்ததா, பார்த்துக்கொள்ள வேண்டிய குழந்தைகளோ முதியவர்களோ இருந்தார்களா, உடம்பு எப்படி இருந்தது. மேலே “வேலையை விட்டுவிட்டு 14 மாதம் படித்தேன்” என்று இருக்கும் இடத்துக்கு நேர் கீழே “துணைவருக்கு நிரந்தர வேலை, வாடகை இல்லை” என்று இருக்கும். அந்தக் கீழ்வரி இல்லாமல் மேல்வரியை நகல் எடுக்க முடியாது. பதிவுகளிலிருந்து கீழ்வரியை நிரப்ப முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காலியாகவே இருக்கும். காலியாக இருந்தால் அந்தக் கதையைக் கணக்கில் எடுக்காதீர்கள், அல்லது எழுதியவரிடமே கேளுங்கள். உங்களுக்கும் இதே தாளில் ஒரு கோடு வரைந்து வைத்துக்கொண்டால், யாருடைய கீழ்வரி உங்களுடையதைப் போல இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். வயது, படிப்பு ஆகியவற்றில் ஒத்திருப்பதைவிட இந்த ஒற்றுமை பயன்படும்.

இனி, படிப்பதை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்க வேண்டும். ஒரு வேலைக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். இரண்டு பேர் சேர்ந்து 2 ஆண்டுக்குள் இருப்பவர்கள், இரண்டு பேர் 5 ஆண்டைத் தாண்டியவர்கள், இரண்டு பேர் விட்டுப் போனவர்கள், ஒருவர் ஆள் எடுப்பவர். ஏன் இந்த எண்ணிக்கை என்றால், நேர்காணல் ஆய்வுகளில் புதுச் செய்தி வருவது எப்போது நிற்கிறது என்று 2006-இல் மூன்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் எடுத்த 60 நேர்காணல்களில் முதல் பன்னிரண்டிலேயே ஏறக்குறைய எல்லாக் கருத்துகளும் வந்துவிட்டன, அடிப்படையானவை ஆறிலேயே தென்பட்டன. அது வேறு பொருள் பற்றிய ஆய்வு, அங்கே பேசியவர்கள் ஒரே மாதிரிச் சூழலில் இருந்தவர்கள். ஆகவே ஆறு என்பதை விதியாகக் கொள்ள வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு பேர் பேசியும் உங்கள் குறிப்பில் புதிதாக ஒன்றும் ஏறவில்லையா, அந்த வேலைக்கு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆட்களை எங்கே பிடிப்பது? நெருங்கிய நண்பர்களிடம் ஆரம்பிக்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்தபோது சுமார் 56 விழுக்காட்டினருக்கு அந்தத் தகவல் எப்போதாவது சந்திக்கும் ஒருவரிடமிருந்தும், சுமார் 28 விழுக்காட்டினருக்கு அரிதாகச் சந்திக்கும் ஒருவரிடமிருந்தும் வந்திருந்தது. அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 17 விழுக்காடுதான். விசாரித்தது சில பத்துப் பேரைத்தான் என்பதால் அந்த எண்களைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் 2022-இல் லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிப் பயனர்களை வைத்து நடந்த பெரிய சோதனையும் அதே திசையில்தான் போனது, ஒரு திருத்தத்தோடு: மிகத் தொலைவான தொடர்பைவிட ஓரளவு தொலைவான தொடர்பு அதிகம் உதவியது. உங்களுக்கு இது என்னவென்றால் பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர், கூடப் படித்தவரின் அண்ணன், முன்பு கணக்குத் தணிக்கைக்கு வந்தவர், இப்படிப்பட்டவர்கள்.

அழைப்புச் செய்தி ஐந்து வரியைத் தாண்டக் கூடாது. நீங்கள் யார், அவரை எப்படிக் கண்டீர்கள், எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், எத்தனை நிமிடம், எந்த இரண்டு நேரங்கள். “வேலை கேட்டு வரவில்லை” என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். எழுதியபின் அதை மீறவும் கூடாது. பேச்சின் நடுவே ரெஸ்யூமேயை நீட்டினால் அதுவரை மனிதராகப் பேசியவர் அந்த நொடியிலிருந்து நிறுவனத்தின் ஆளாகப் பேசத் தொடங்கிவிடுவார். 25 நிமிடம் கேளுங்கள், 25-ஆம் நிமிடத்தில் நீங்களே எழுந்துகொள்ளுங்கள். அவர் விரும்பினால் அவரே நீட்டுவார். அலுவலகத்தில், சக ஊழியர் காதில் விழும் இடத்தில் பேச வேண்டாம். தொலைபேசி, அதுவும் அவர் நடந்துகொண்டே பேசும் நேரம், நேரில் உட்கார்வதைவிடப் பல சமயம் நன்றாக அமைகிறது.

கேள்விகளில்தான் எல்லாம் இருக்கிறது. “வேலை பிடித்திருக்கிறதா”, “நான் வரலாமா”, “எதிர்காலம் எப்படி” ஆகிய மூன்றையும் கேட்கவே கேட்காதீர்கள். முதலாவதற்கு மரியாதைப் பதில் வரும், இரண்டாவதற்கு உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் வரும், மூன்றாவதற்குச் செய்தித்தாளில் படித்தது வரும். அதற்குப் பதிலாக, “கடைசியாக வேலைக்குப் போன நாளைக் காலையிலிருந்து ஒவ்வொரு மணியாகச் சொல்லுங்கள்” என்று தொடங்குங்கள். “வழக்கமான நாள்” என்று கேட்கக் கூடாது. வழக்கமான நாள் என்பது எல்லார் தலையிலும் இருக்கும் ஒரு சித்திரம், நடந்த நாள் கிடையாது. கானெமன் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் நேற்றைய நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தார்கள், யாருடன் இருந்தார்கள், எப்படி உணர்ந்தார்கள் என்று கேட்டது இதே காரணத்தால்தான். நேற்று என்று கேட்டால் மழுப்ப இடமில்லை. ஒவ்வொரு துண்டையும் நிறுத்தி, “அது எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் யார் கூப்பிட்டார்கள், முடிக்காமல் விட்டது எது” என்று துருவுங்கள்.

டேட்டா அனலிஸ்டிடம் இப்படிக் கேட்டால் வரைபடம் போடுவதும் கணித மாதிரி கட்டுவதும் நாளில் ஒரு சிறு துண்டு என்பது தெரியும். மீதி நேரம் எங்கே போகிறது? தேதி ஒரு கோப்பில் நாள்-மாதம், இன்னொன்றில் மாதம்-நாள். ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில். இரண்டு பிரிவுகளின் மொத்தம் ஒத்துப்போகாமல் யாருடையது சரி என்று நாலு பேரிடம் கேட்டு அலைவது. “80 விழுக்காடு நேரம் சுத்தம் செய்வதிலேயே போகிறது” என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அந்த எண்ணை நம்ப வேண்டாம், கருத்துக் கணிப்புக்குக் கணிப்பு அது மாறுகிறது. பெரிய பங்கு என்பதில் மட்டும் சந்தேகமில்லை. ஆசிரியரிடம் கேட்டால் வகுப்பில் நிற்பது நாளின் ஒரு பகுதிதான் என்பது தெரியும். பாடக் குறிப்பு, வருகைப் பதிவு, வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, பெற்றோரின் அழைப்பு, அப்புறம் விடைத்தாள். விடைத்தாளைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கணக்குக் கேளுங்கள்: எத்தனை பிரிவு, பிரிவுக்கு எத்தனை பேர், ஒரு தாளுக்கு எத்தனை நிமிடம். 4 பிரிவு, பிரிவுக்கு 40 பேர், தாளுக்கு 6 நிமிடம் என்றால் 16 மணி நேரம். அது பெரும்பாலும் பள்ளி நேரத்துக்கு வெளியே விழும். இந்த எண்ணை யாரும் பதிவில் எழுதுவதில்லை.

நாளைச் சொல்லி முடித்ததும் இரண்டாவது கேள்வி: “கடந்த மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றிய ஒரு நாள், அன்று என்ன நடந்தது?” மூன்றாவது: “இந்த நாள் நன்றாகப் போனது என்று வீட்டுக்குப் போன நாள்?” நடந்த ஒரு சம்பவத்தை, என்ன சூழல், யார் என்ன செய்தார்கள், என்ன ஆனது என்று கேட்டு வாங்குவது உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954-இல் வகுத்துக் கொடுத்த முறை, விமானப்படையினரை வைத்துத் தொடங்கியது, இன்றும் பணி ஆய்வில் ஓடுகிறது. நான்காவது, கோட்டுப் படத்துக்கானது: “இந்த வேலை காலியிருப்பதை யார் சொன்னார்கள், அதற்கு முன் எத்தனை இடத்தில் விண்ணப்பித்தீர்கள், எத்தனை மாதம் ஆனது, அந்த மாதங்களில் செலவு எப்படி நடந்தது?” கடைசி வரி சற்று அந்தரங்கமானது; இருபதாவது நிமிடத்துக்கு மேல்தான் கேட்க வேண்டும், தயங்கினால் விட்டுவிட வேண்டும். சம்பளத்தையும் நேராகக் கேட்காதீர்கள். “இப்போது புதிதாகச் சேர்பவருக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை கொடுக்கிறார்கள், மூன்று ஆண்டில் அது எங்கே போய் நிற்கும்” என்றால் யாரும் சங்கடப்படாமல் சொல்வார்கள். ஐந்தாவதாக, “உங்களோடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இப்போது அவர்கள் எங்கே?” இந்த ஒரு கேள்வி, எழுதாதவர்களையும் பேச்சுக்குள் இழுத்துக்கொண்டுவந்துவிடும்.

முடிந்து அரை மணிக்குள் குறிப்பெழுதிவிடுங்கள், மறுநாள் என்றால் பாதி போய்விடும். தாளை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் பத்தி, அவர் கண்டதும் செய்ததும். இரண்டாவது, அவர் அதைப் பற்றி நினைப்பது. மூன்றாவது, கேட்டுக்கொண்டிருந்தபோது உங்களுக்குள் ஓடியது. “மாத முடிவில் மூன்று நாள் இரவு பத்து மணி வரை இருந்தேன்” என்பது முதலில் போகும். “மேலிடத்துக்கு மனிதத்தன்மையே இல்லை” என்பது இரண்டாவதில். “கணக்கு மூடும் நாளில் நானும் அப்படித்தானே இருக்கிறேன்” என்பது மூன்றாவதில். எட்டுப் பேர் முடிந்தபின் முதல் பத்திகளை மட்டும் அடுக்கிப் பாருங்கள். முட்டிக்கொண்டிருந்த கதைகள் பெரும்பாலும் இரண்டாம் பத்தியில்தான் முட்டியிருக்கும். முதல் பத்தி வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடம் இருந்தால், நிறுவனத்தின் அளவு, நுழைந்த ஆண்டு, பள்ளி எந்த வகை என்று ஏதாவது ஒரு வித்தியாசம் பின்னால் இருக்கும், அதைத் தேடுங்கள்.

பிறர் சொல்வதை இவ்வளவு சந்தேகப்பட்டால் நம் அறிவையே நம்பிப் போய்விடலாமே என்று தோன்றும். அது இன்னும் மோசம். 2009-இல் உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் கூட்டாளிகளும் செய்த ஒரு சோதனையில், முன்பின் தெரியாத ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசுவது எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று பெண்களை முன்கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். அவருடைய படத்தையும் விவரத்தையும் பார்த்து ஊகித்தவர்களைவிட, சற்றுமுன் அவரோடு பேசிய இன்னொரு பெண் போட்ட மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர்கள் சரியாகச் சொன்னார்கள். அப்படியிருந்தும் அடுத்த முறைக்குப் படமும் விவரமும்தான் உதவும் என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். ஐந்து நிமிடப் பேச்சையும் முப்பது வருஷ வேலையையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனால் இப்போது அதற்குள் இருப்பவர் இப்போது எப்படி உணர்கிறார் என்பது, உங்கள் கற்பனையைவிடத் தரமான தகவல் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பேச்சு முடிந்ததும் வேலையைச் சற்றுத் தொட்டுப் பார்க்க வேண்டும். இங்கே எல்லாரும் செய்யும் பிழை, அந்த வேலையின் இனிப்பான பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது. நேர்மாறாகச் செய்யுங்கள். டேட்டா வேலைக்கு, ஏற்கெனவே துடைத்துவைத்த பயிற்சிக் கோப்பு வேண்டாம். அரசுத் துறைகள் பொதுவில் வெளியிடும் ஒழுங்கற்ற அட்டவணைகளில் மூன்றை எடுத்து, ஒன்றாக இணைத்து, ஒரே ஒரு கேள்விக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதுங்கள். மொத்தம் 8 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. முடித்த மறுநாள் யாராவது ஒருவரை விட்டுக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கச் சொல்லி, மறுபடி 2 மணி நேரத்தில் பதில் கொடுங்கள். இந்த இரண்டாம் சுற்றில் எரிச்சல் வருகிறதா, இல்லை சரிதான் என்று உட்கார்ந்துவிடுகிறீர்களா என்பதுதான் சோதனை. எக்செல் கையோடு பழகியவர் நீங்கள், முதல் சுற்று எளிதாகவே போகும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். ஆசிரியர் பணிக்கு, ஒரே பாடத்தை இரண்டு வெவ்வேறு குழுவுக்கு 40 நிமிடம் வீதம் மூன்று தடவை நடத்துங்கள், மொத்தம் ஆறு வகுப்பு. பிறகு 30 விடைத்தாளை ஒரே மூச்சில் திருத்துங்கள். முதல் வகுப்பின் உற்சாகம் கணக்கில் சேராது. ஆறாவது தடவை அதே கேள்வியை அதே இடத்தில் ஒரு பிள்ளை கேட்கும்போது உங்களுக்கு என்ன ஆகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன், ஆனால் அது சிறிய விஷயம் இல்லை. மாதச் செலவை 100 என்று வையுங்கள். வேலையில்லாமல் தேடும் காலம் 5 மாதம் என்றால் 500. புதுவேலையின் தொடக்கச் சம்பளம் 60-ஐத்தான் ஈடுகட்டும், அது 100-ஐத் தொட 18 மாதம் ஆகும் என்றால், துண்டு விழுவது மாதம் 40 வீதம் அதிகபட்சம் 720. படிப்புச் செலவு 200. ஆக மொத்தம் 1,420, அதாவது 14 மாதச் செலவுக்குச் சற்று மேல். சம்பளம் படிப்படியாக ஏறினால் இதைவிடக் குறையும், ஆனால் குறையும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். பெரும்பாலோர் படிப்புச் செலவை மட்டும் சேர்த்துவைத்து இறங்குகிறார்கள். நடுவில் விட்டவர்களிடம் பேசினால் தடுக்கி விழுந்தது அந்த 40-இல்தான் என்பது அடிக்கடி வரும். தேடும் மாதங்களையும் தொடக்கச் சம்பளத்தையும் உங்கள் எட்டுப் பேரிடமிருந்து எடுங்கள், வகுப்பு நடத்துபவர் சொல்வதிலிருந்து எடுக்காதீர்கள். நடுவிலிருக்கும் எண்ணைவிட மிக அதிகக் காலம் தேடியவரின் எண்ணை எடுப்பது நல்லது.

எனக்கு உறுதியில்லாத இடங்களும் உண்டு. ஆர்வத் தேர்வுகள் (உங்களுக்கு எதில் ஈடுபாடு என்று கேள்வி கேட்டுக் கண்டுபிடிப்பவை), அதாவது உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த ஆறு வகைப் பிரிப்பில் வளர்ந்தவை, எந்தப் பக்கம் தேடலாம் என்று காட்டும். அதே வகைக்குள் எந்த வேலை, உங்களுக்கு அதில் நிம்மதி இருக்குமா என்பதற்கு அவற்றை நம்பி முடிவெடுக்கும் அளவுக்குப் பலமில்லை. துறைகளின் பத்தாண்டு எதிர்காலம் பற்றி யார் எழுதினாலும், நான் உட்பட, ஊகம்தான். பொதுவாக மாறுவது நல்லதா என்ற கேள்விக்கு ஒரு விசித்திரமான ஆய்வு உண்டு. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை ஒரு இணையதளத்தில் நாணயம் சுண்ட வைத்தார். 2021-இல் ஆய்விதழில் வெளியான முடிவுப்படி, வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் ஆறு மாதம் கழித்து, மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். இதை ரொம்பத் தூரம் இழுக்கக் கூடாது. கலந்துகொண்டவர்கள் நாணயத்திடம் முடிவை ஒப்படைக்கத் துணிந்தவர்கள், ஆறு மாதம் என்பதும் குறுகிய காலம். சரிசமமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் தராசில் மட்டும் மாற்றத்தின் பக்கம் ஒரு சிறு எடையை வைக்கலாம் என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

உங்கள் விவரத்தைப் படித்தபோது ஒன்று உறுத்தியது, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பிரிவில் 9 ஆண்டு இருந்தவருக்கு டேட்டா அனலிஸ்ட் என்பது ஒரு குதி அல்ல, அரைக் குதி. எந்த எண் எங்கிருந்து வருகிறது, எந்த மொத்தம் பொய் சொல்கிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வகுப்பிலிருந்து புதிதாக வருபவருக்கு அது தெரியாது. வேலையை விட்டுவிட்டு முழுநேரப் படிப்பு என்பதற்கு முன், உங்கள் அலுவலகத்திலேயே மாதாந்திர அறிக்கைகளில் ஒன்றைத் தானியங்கியாக்கும் வேலையைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆசிரியர் பணி அப்படி இல்லை. அதற்குத் தகுதிப் படிப்பு, உரிமம் என்று சட்டப்படியான வாசல் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது, பாதி வழியில் நின்று பார்க்கும் வசதி குறைவு. ஆகவே இரண்டையும் ஒரே விதத்தில் ஆராயாமல், விசாரிப்பதை ஆசிரியர் பணியிலும் தொட்டுப் பார்ப்பதை டேட்டா வேலையிலும் முதலில் தொடங்குங்கள். இரண்டும் தவறு, இருக்கும் வேலையில் மேனேஜரை மாற்றினாலே போதும் என்று தெரியவந்தாலும் அது ஒரு விடைதான். மூன்றாம் பத்திக் குறிப்புகளில் “என் வேலையும் இப்படித்தான்” என்பது அடிக்கடி வந்தால் அந்தப் பக்கம் பாருங்கள்.

பேசிய ஒவ்வொருவருக்கும் இரண்டு நாளுக்குள் மூன்று வரியில் நன்றி எழுதுங்கள், அவர் சொன்னதில் எது பயன்பட்டது என்று குறிப்பாகச் சொல்லி. ஆறு மாதம் கழித்து நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள் என்று இன்னொரு மூன்று வரி. அந்தப் பழைய குறிப்புத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் தேதியையும் எழுதிவையுங்கள். நாளைக்கு யாராவது உங்களிடம் “எப்படி மாறினீர்கள்” என்று கேட்டால், நினைவிலிருந்து சொல்லாமல் அதை எடுத்துப் பார்த்துச் சொல்லலாம்.